மூன்றாவது கட்டிலின் கோப்பை

பழைய கட்டிடத்தின் பின்பக்கப் படிகளில் இறங்கினால் என் அறை வரும். இருபத்தாறு வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்கு ஆவிக்காரி என்று பெயர். மேலே வார்டுகளில் பயன்படுத்திய கத்தரி, கிண்ணம், டிரே எல்லாம் அழுக்கு ஜன்னல் வழியாக என்னிடம் வரும். கழுவி, துடைத்து, துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்தில் வைத்தெடுத்து, வார்டு எண் எழுதிய லேபிள் ஒட்டி, சுத்த ஜன்னல் வழியாக அனுப்பிவிடுவேன். அவற்றை யாருக்குப் பயன்படுத்தினார்கள், அவர்கள் பிழைத்தார்களா போனார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

முன்பு ஆறு பேர் இருந்தோம். புதிய கட்டிடம் எழும்பியதும் ஐந்து பேரை அங்கே இழுத்துக்கொண்டார்கள். பழைய கட்டிடத்தில் ஏழாம் வார்டு மட்டும் மிச்சம். அதில் நான்கு நோயாளிகள், எல்லாரும் நாள்பட்ட படுக்கை. அவர்களுக்காகக் கீழே ஒருத்தி இருக்க வேண்டும் என்றார்கள். நான் இருக்கிறேன் என்று கை தூக்கினேன். தியாகம் கியாகம் ஒன்றும் இல்லை. அந்த நான்கு பேரில் ஒருத்தி என் அக்கா.

அக்காவைத் தவிர எனக்கு யாரும் கிடையாது. பரிதாபத்துக்குச் சொல்லவில்லை, விவரத்துக்குச் சொல்கிறேன். அம்மா, அப்பா போன பிறகு ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு கட்டில், இரண்டு தட்டு. சண்டை போடவும் சமாதானம் ஆகவும் வேறு ஆள் தேவைப்படவில்லை. எட்டு மாதம் முன்பு அவளுக்கு மூளையில் ரத்தம் கட்டி வலது பக்கம் விழுந்துவிட்டது. போன பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாகத் திரும்பி வந்தது. தலையைத் தூக்க முடியாது. தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேலே ஏறிப் போய், மசித்த சாப்பாடும் தண்ணீரும் கரண்டியால் கொடுத்துவிட்டு வருவேன். என்னை இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு ஐம்பத்து நான்கு வயது.

அந்த வாரம் கட்டிடத்தின் பின்னால் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள். என் ஜன்னல் தரைமட்டத்துக்கு அரை அடி மேலே இருப்பதால், நாள் முழுக்க வண்டிச் சக்கரமும் மனிதர்களின் கணுக்காலும்தான் எனக்குக் காட்சி. செவ்வாய்க்கிழமை காலை தோண்டும் வண்டிக்காரர் குனிந்து கம்பியில் தட்டினார். கையில் மண் அப்பிய ஏதோ ஒன்று இருந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கு. வண்டி இடிச்சும் உடையல. என்னன்னு கொஞ்சம் கழுவிப் பாருங்களேன்."

சுவர் ஓரமாக இரண்டடி ஆழத்தில் கிடைத்ததாம். அதற்கு அப்பால் பள்ளம் முழுக்கச் சுண்ணாம்பும் உடைந்த கண்ணாடித் தூளும் வெள்ளையாக அடுக்கடுக்காக இருந்ததாம். இது மட்டும் அந்தக் குப்பையில் சேராமல், தள்ளி, ஒரு கந்தல் துணியில் சுற்றிக் கிடந்தது என்றார்.

கழுவ மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. தடித்த கண்ணாடி, லேசான பச்சை நிறம், உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு பெரிது. படகு போன்ற உடம்பு. ஒரு முனையில் குட்டை மூக்கு, மறு முனையில் விரல் நுழையும் காது. மேல்பக்கம் பாதி மூடியும் பாதி திறந்தும் இருந்தது. அடியில் ஊசியால் கீறிய மாதிரி ஏழு, ஒரு கோடு, மூன்று.

அன்று முழுக்க அதைக் காட்டாத ஆள் இல்லை. மருந்துக் கிடங்குக்காரர், பேனாவைத் தொட்டு எழுதிய காலத்து மைக்கூடு என்று சத்தியம் செய்தார். எக்ஸ்ரேக்காரர் கண் கழுவுகிற கிண்ணம் என்றார். இவ்வளவு பெரிய கண் மாட்டுக்குத்தான் இருக்கும் என்று நான் சொன்னதும் முகத்தைத் தூக்கிக்கொண்டார். கேன்டீன் அம்மா அது விளக்கேதான் என்றார், திரி எங்கே போடுவது என்று கேட்டதும் டீ ஆற்றப் போய்விட்டார். வண்டிக்காரர் சாயங்காலம் மறுபடி குனிந்து, பெரிய விலைக்குப் போகுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். கண்ணாடிச் சாமானைக் கழுவியே காலம் தள்ளினவள் நான்.

இனி சொல்லப்போவது என் தப்பு.

பழகிய வேலைக்குக் கை போதும், மூளை வேண்டாம். அன்று கடைசி சுற்று கட்டும்போது, மேசையில் மற்ற சாமான்களோடு அதுவும் இருந்தது. துடைத்திருக்கிறேன். துணியில் சுற்றியிருக்கிறேன். அடியில் இருந்த எண்ணைப் பார்த்து, ஏழாம் வார்டு என்று லேபிள் எழுதி ஒட்டியிருக்கிறேன். மறுநாள் காலை மேலே போன டிரேயில் அதுவும் போய்விட்டது. எக்ஸ்ரேக்காரரோடு இன்னொரு முறை வம்பு பண்ணலாம் என்று தேடியபோதுதான் எனக்கு உறைத்தது.

போனால் போகட்டும், மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மதியம் போனபோது அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்கிற அவசரத்தில் மறந்தும் போனேன். மூன்று மணிக்கு அழுக்கு ஜன்னலில் டிரே வந்தது.

கோப்பை அதில் இருந்தது.

யாரோ குடித்திருந்தார்கள். அடியில் ஒரு சொட்டு கலங்கல் நின்றது. மூக்கின் நுனியில் உதடு பட்ட தடம். சாதாரண உதடு இல்லை, காய்ந்து வெடித்த உதடு, கோடு கோடாகத் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன். நனைந்த சுண்ணாம்பின் வாடை அடித்தது.

வார்டு நர்ஸுக்கு போன் போட்டேன். நல்ல பெண், ஒருத்தியாக நான்கு பேரைப் பார்த்துக்கொள்கிறாள். என் அக்காவுக்காக நான் அனுப்பியது என்று நினைத்தாளாம். ஆனால் அடியில் மூன்று என்று எழுதியிருந்ததால், மூன்றாவது கட்டிலின் மேசையில் வைத்துவிட்டாளாம். யாருக்கும் அதில் எதுவும் கொடுக்கவில்லை என்றாள். மூன்றாவது கட்டில் என் அக்காவின் பக்கத்துக் கட்டில். எத்தனையோ மாதமாக அதில் ஆளே இல்லை, மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, யாரோ புளுகுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கோப்பையைக் கழுவாமலே என் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு டிரே வந்தது.

கோப்பை அதில் இருந்தது.

அலமாரியைத் திறந்தேன். காலி. கீழ்த் தளத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. இயந்திரம் ஆறிக்கொண்டிருந்தது, குழாயில் நீராவி சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்கிற சத்தம்தான். அன்று முதல் தடவையாக, யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற மாதிரி எனக்குக் கேட்டது.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. பிணவறைக்கு எதிரே உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவள். ஆனால் அன்று ஐந்து மணி ஆவதற்குள் விளக்கை அணைத்துவிட்டுப் படியேறினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவின் உதட்டைப் பார்த்தேன். ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. நாக்கு காய்ந்து தடித்திருந்தது. நர்ஸைப் பிடித்துச் சத்தம் போட்டேன், தண்ணீர் கொடுக்கிறாயா இல்லையா என்று. அவள் அழாக்குறையாகச் சார்ட்டைக் காட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருநூறு மில்லி. கொடுத்தது, கொடுத்தது, கொடுத்தது என்று வரிசையாக எழுதியிருந்தது. பக்கத்துப் பத்தியில், வெளியே போனது: புதன்கிழமை நானூறு, வியாழக்கிழமை நூறு. கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைக் குனிந்து பார்த்தேன். அடியில் ஒரு விரல் அளவு, கறுத்த மஞ்சளாகக் கிடந்தது.

நர்ஸ் பொய் சொல்லவில்லை. ஏனென்றால் அன்று மதியம் நானே கொடுத்தேன். கரண்டி கரண்டியாக ஒரு முழு டம்ளர். தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். கொடுத்து முடித்ததும் அவள் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன்.

உள்ளே காய்ந்திருந்தது.

அக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருட்டிய மெத்தை, இரும்புக் கம்பி, அதன் மேல் மதிய வெயில், அவ்வளவுதான். என்னக்கா என்று கேட்டேன்.

"அவ... குடிச்சிட்டா."

எவள் என்று கேட்டேன். அக்கா அந்தக் கட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூளையில் அடி வாங்கியவர்கள் இல்லாததைப் பார்ப்பார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த டாக்டரையே அழைத்து வந்தேன். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றது பரிசோதனை. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். இரண்டும் ஏறின. அக்காவின் கை வீங்கவில்லை, பையில் ஒரு சொட்டும் விழவில்லை. குடிக்கிறதெல்லாம் எங்கே போகிறது என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இப்படியே மூன்று நாள் போனால் தாங்காது என்று என்னிடம் சொன்னார். சனிக்கிழமை இரவு முழுக்க நான் வீட்டில் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் போய்விட்டால் என்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்றுதான் யோசித்தேன். சுயநலம்தான். இருக்கட்டும்.

மருந்துக் கிடங்குக்காரர்தான் கடிகாரத்தின் பேரை எடுத்தார். கடிகாரம் என்பது எங்கள் பழைய தலைமை நர்ஸ். அவ்வளவு நேரம் தவறாதவர். எண்பது தாண்டி, தனியாக இரண்டு தெரு தள்ளி இருந்தார். பழைய சாமான் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவரை விட்டால் ஆள் இல்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

என்னை உட்கார வைத்து, பழைய கதை பேசி, யார் யார் ஓய்வு பெற்றார்கள் என்று கேட்டார். துண்டைப் பிரித்தேன்.

அவர் கை போர்வைக்குள் போய்விட்டது. தொடவில்லை.

"எங்க கெடச்சுது?"

சொன்னேன். அது ஏழாம் வார்டுக்குப் போய் உதட்டுத் தடத்தோடு திரும்பி வந்ததையும் சொன்னேன். பிறகு, ரிப்போர்ட் படிக்கிற குரலில் சொன்னார். அது நோயாளிக் கோப்பை. தலை தூக்க முடியாதவர்களுக்குப் படுத்தபடியே புகட்டுவதற்கு. அந்தக் காலத்தில் ஏழாம் வார்டு தொற்றுநோய் வார்டு. ஆளுக்கு ஒரு கோப்பை, அடியில் வார்டு எண்ணும் கட்டில் எண்ணும். ஆள் செத்தால், அந்தக் கோப்பையைப் பொறுப்பு நர்ஸ் முன்னால் சுத்தியலால் உடைத்து, கையெழுத்துப் போட்டு, சுண்ணாம்புக் குழியில் கொட்ட வேண்டும். வேறு யாரும் அதில் குடித்துவிடக் கூடாது என்பதற்காக.

"இது உடையலையே" என்றேன்.

"நான் உடைக்கல."

அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. பயிற்சிக்கு வந்து இரண்டு மாதம். மூன்றாவது கட்டிலில் ஒரு பெண். பார்க்க வருகிறவர் யாரும் இல்லை, பேர்கூடச் சரியாகத் தெரியாது. கிட்டே போனால் தொற்றிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் பயம். இவரோடு வந்த இரண்டு பயிற்சிப் பெண்கள் அதற்குள் செத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தப் பெண்ணுக்குப் புகட்ட வேண்டியது இவர் வேலை.

"தண்ணிய ஜக்குல எடுத்துட்டுப் போவேன். வாசல்லயே நிப்பேன். வராந்தா ஜன்னல் வழியா கொட்டிட்டு, கொடுத்ததுன்னு எழுதிடுவேன். நாலு நாள். என் சார்ட்டைப் பாத்து எல்லாரும் பாராட்டுனாங்க."

அவள் கேட்கவில்லையா என்றேன்.

"முதல் ரெண்டு நாள் கேட்டா."

ஐந்தாவது நாள் காலை கோப்பையை உடைக்கக் கொண்டுபோக வேண்டும். உள்ளே தூசி படிந்திருந்தது. நாலு நாளாக நனையாத கோப்பை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதனால் இவர் முந்தானைத் துணியைக் கிழித்துச் சுற்றி, சுவர் ஓரத்தில் தானே புதைத்துவிட்டு, வேறொரு உடைந்த கண்ணாடியைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஒரு நிமிடம்கூடத் தவறாமல் வேலை பார்த்தார்.

எனக்கு அந்தக் கிழவியை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மூன்றாவது கட்டிலுக்குப் பக்கத்தில் இப்போது யார் என்று அவரே கேட்டார். என் அக்கா என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். உடைச்சிடு என்று மட்டும் சொன்னார்.

திங்கள்கிழமை மதியம் கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே போனேன். வார்டு அமைதியாக இருந்தது. நர்ஸ் எங்கேயோ போயிருந்தாள். மற்ற மூன்று பேரும் தூங்கினார்கள். மின்விசிறி கரகரத்தது. அந்த நேரத்துக்கு அந்த வார்டில் மருந்து வாடையும் பினாயில் வாடையும் வரும். அன்று சுண்ணாம்பு வாடை மட்டும் வந்தது. கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்து, சுத்தியலை ஓங்கினேன்.

"குட்டி... வேண்டாம்."

அக்காவின் கண் குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அவளுக்கு... வேற கிண்ணம்... இல்ல."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். இப்படிச் சொல்கிறவளை எப்படி மீறுவது?

சுருட்டிய மெத்தையை விரித்தேன். ஒரு தலையணை கொண்டுவந்து போட்டேன். கோப்பையில் தண்ணீர் நிரப்பி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூன்றாவது கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நோயாளியிடம் பேசியே பழக்கமில்லை எனக்கு. குடிம்மா என்றேன். தலையணைக்கு மேல், ஒரு வாய் இருக்க வேண்டிய இடத்தில், கோப்பையைச் சாய்த்துப் பிடித்தேன்.

தண்ணீர் மூக்கின் நுனி வரை வந்து நின்றது. சிந்தவில்லை.

பிறகு இறங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மடக்கு, ஒரு நிறுத்தம். ஒரு மடக்கு, ஒரு நிறுத்தம். தலையணையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. என் விரலில் மட்டும் லேசாக ஒரு இழுப்பு தெரிந்தது. பாலுக்கு அவசரப்படுகிற குழந்தை பாட்டிலை இழுக்குமே, அப்படி. நான் கோப்பையை எடுக்கவில்லை. கடைசிச் சொட்டு போனதும், நர்ஸின் மேசையிலிருந்து ஒரு புதிய சார்ட் எடுத்து, மூன்றாவது கட்டில் என்று எழுதி, கொடுத்தது இருநூறு என்று குறித்தேன். ஆஸ்பத்திரிக்காரியின் புத்தி அது.

அன்று மாலை அக்காவின் பையில் முந்நூறு மில்லி சேர்ந்திருந்தது. நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சிறுநீரைப் பார்த்து ஒருத்தி அழுதால் பைத்தியம் என்பார்கள். அழுதேன்.

அந்த வாரம் முழுக்க, மதியம் அக்காவுக்கு ஒரு கை, மூன்றாவது கட்டிலுக்கு ஒரு கை. நர்ஸ் பார்த்தாள், ஜக்கை நிரப்பி வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை நோயாளிகளைப் புதிய கட்டிடத்துக்கு மாற்றுவதாக உத்தரவு வந்தது. பழையதை இடிக்கப் போகிறார்கள். மூன்றாவது கட்டில்காரியை அந்த இடிபாட்டில் விட்டுவிட்டுப் போனால் அக்காவின் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று பயந்தேன். அதைவிட, விட்டுவிட்டுப் போக மனசும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைசியாகப் புகட்டும்போது காலிக் கட்டிலிடம் சொன்னேன்.

"எங்க அக்காவ விட்டுடும்மா. என்கூட வா. வீட்ல ஒரு கட்டில் சும்மாதான் கெடக்கு. நான் தர்றேன்."

கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்காவின் கட்டிலில் புது உறை போட்டேன். காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்தேன். முதல் நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தேன். மூன்றாம் நாள், வரும்போதே செருப்பைக் கழற்றியபடி, இதோ வந்துட்டேன் என்று குரல் கொடுத்தேன். எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. புகட்டிக்கொண்டே அன்றைக்கு யார் யார் என்ன உளறினார்கள் என்று சொல்வேன். பதில் வராது. தண்ணீர் இறங்கும். தனியாக இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

புதிய கட்டிடத்தில் அக்காவுக்கு இரண்டு கட்டில் போட்ட அறை. உடம்பு தேறியது. இடது கையால் என் கன்னத்தைக் கிள்ளக்கூடச் செய்தாள்.

பதினோராம் நாள், புதிய கட்டிடத்தில் என் பிரிவுக்கு ஒரே நாளில் நாற்பத்தெட்டு அறுவை சிகிச்சைக் கட்டுகள் வந்தன. மாலை வீட்டுக்கு வந்தபோது கால் எனக்குச் சொந்தமில்லை. கோப்பையில் தண்ணீர் பிடித்து அக்காவின் கட்டில் பக்கத்தில் வைத்தேன். நோட்டுப் புத்தகம் கையருகே இருந்தது. முதலில் எழுதிவிடுவோம், ஒரு வேலை முடியும் என்று தோன்றியது. வார்டில் எல்லாரும் செய்வதுதான், கை ஓய்வாக இருக்கும்போது எழுதிவிட்டு அப்புறம் கொடுப்பார்கள். தேதி போட்டேன். கொடுத்தது இருநூறு என்று எழுதினேன். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்க்கலாம் என்று என் கட்டிலில் படுத்தேன்.

கண் திறந்தபோது விடிந்திருந்தது.

கோப்பை வைத்த இடத்தில் இருந்தது. தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது, பக்கத்தில் நோட்டில் கொடுத்தது இருநூறு என்று எழுதியிருந்தது. ஓடிப் போய்த் தலையணைக்கு மேல் சாய்த்துப் பிடித்தேன். குடிம்மா, தூங்கிட்டேன், மன்னிச்சுக்க என்றேன். தண்ணீர் மூக்கின் நுனி வரை வந்து நின்றது.

இறங்கவில்லை.

இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். தலையணையில் கொட்டி, பஞ்சு நனைந்தது. விரலில் இழுப்பு இல்லை. சுண்ணாம்பு வாடை இல்லை. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆள் போன வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒரு கணம் பயம்கூட வரவில்லை, ஏமாந்து போன மாதிரி இருந்தது.

அப்புறம்தான், எங்கே போயிருப்பாள் என்று தோன்றியது.

செருப்பு போட்டேனா என்று நினைவில்லை. கோப்பையைக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். புது வார்டின் நர்ஸ் சிரித்தபடி சார்ட்டை நீட்டினாள். ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொடுத்தது இருநூறு. நல்லா குடிக்கிறாங்க என்றாள். நான் குனிந்து பையைப் பார்த்தேன். காலி. அக்காவின் உதடு நடுவில் வெடித்து, ரத்தம் காய்ந்திருந்தது. அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் படுக்காத புதுக் கட்டில், பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. அந்தப் பாலிதீன் நடுவில் அழுந்தியிருந்தது.

கோப்பையில் தண்ணீர் பிடித்து அங்கே ஏந்தினேன். தண்ணீர் பாலிதீன் மேல் வழிந்து தரையில் சொட்டியது.

"உன் கையில... வேண்டாமாம்" என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இடது கையை நீட்டி, குடு என்றாள். கொடுத்தேன். வேறு என்ன செய்வேன்? படுத்தபடியே, தன்னால் முடிந்த அந்த ஒரே கையால், கோப்பையை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நீட்டிச் சாய்த்தாள்.

ஒரு சொட்டும் சிந்தவில்லை. தண்ணீர் இறங்கியது. வேகமாக இறங்கியது.

நர்ஸ் பேனாவோடு வந்து நின்று, என்னம்மா இது, நான் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். எழுதாதே என்று கத்தினேன். அவள் பயந்து பின்னால் போனாள். ஜக்கைத் தூக்கி மறுபடி நிரப்பினேன், அதுவும் போயிற்று. மறுபடி நிரப்பினேன். அக்கா கையை இறக்கவில்லை. கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. உதட்டு வெடிப்பில் ரத்தம் வரவேண்டும், அதுகூட வரவில்லை. நாலாவது ஜக்கு முடிந்தபோது, போதும் என்று சொல்லுக்கா என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

அக்கா காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும்... கேக்குறா."